ரத்தத்தைச் சாட்சிக்கு அழைத்த மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீ நலமா, விடுதிச் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனமில்லை. உன் அப்பா அதை ஒருமுறை படித்தார், மடித்து வானொலிப் பெட்டியின் மேல் வைத்தார், குளிக்கப் போய்விட்டார். நான் மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது அதைக் கசக்கிவிட்டேன். வருத்தத்தில் என்று நினைத்துவிடாதே, கோபத்தில். தெய்வானையைத் திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என்கிறாய். ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டு மனம் மாறுவது நல்ல காரியமில்லை, ஆனால் உலகத்தில் நடக்காததும் இல்லை. அதற்காக மட்டுமென்றால் உன்னைத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ உன் மனமாற்றத்துக்கு நான் வாழ்நாள் எல்லாம் கற்பித்த பாடத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். அதைவிட மோசம், கடைசிப் பக்கத்தில், ‘அம்மா, நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டுக்கும்தான் இந்தப் பதில். நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி.

முதலில் நீ எழுதியதை உனக்கே நினைவூட்டுகிறேன். ஓர் உயிரணு என்னவாகப் போகிறது என்பது அதற்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது, வெளியிலிருந்து யாரும் அதை மாற்ற முடியாது, மனிதக் கூட்டமும் அப்படித்தான், மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளான தெய்வானை வீட்டார் பெயரளவில்தான் தமிழர்கள், தமிழ் அவர்கள் ரத்தத்தில் இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மெர்டேக்கா, மலாயாவின் விடுதலை நாள், வருகிறது, புதிய நாட்டில் ஒவ்வொருவனும் தான் யார் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று நண்பர்கள் எல்லோரும் பேசிக்கொள்கிறீர்களாம். நீ நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறவன். உனக்கு இருபத்து மூன்று வயது. இதை உன் அத்தை எழுதியிருந்தால் அடுப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அத்தை உனக்கு எழுதியிருக்கிறாள் என்பது தெரிகிறது. ‘செத்தவர்களுக்கு வைத்த சோற்றைப் போட்டு அவமானப்படுத்தினார்கள்’ என்ற வரி உன்னுடையது இல்லை. நாங்கள் பெண் கேட்கப் போன அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேள். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குமேல், ஆறு மணிவாக்கில் வாருங்கள் என்றுதான் தெய்வானையின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு, பழப் பருவத்தில் முன்னோர்களுக்குப் படைக்கும் நாள், அதை முடித்துவிட்டுப் பேசலாம் என்று காரணமும் சொல்லியிருந்தார். சிரம்பானிலிருந்து வந்த உன் அத்தை பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குமுன் படியேற வேண்டும் என்று மூன்றரைக்கே எங்களைக் கிளப்பிவிட்டாள். நம் வீட்டிலிருந்து செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டி நாலு எட்டுதான் என்பது உனக்குத் தெரியும். பட்டுப் புடவை கசங்கும் என்று அதற்கும் ஒரு டாக்சி.

அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. அத்தை கதவைத் தள்ளினாள். கூடத்தில் வரிசையாக வாழையிலை. சோறு, மீன் குழம்பு, சம்பால், பக்கத்தில் ரம்புத்தான், மங்குஸ்தீன், உரித்த டுரியான். ஆள் ஒருவர்கூட இல்லை.

“பரவாயில்லையே, வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்காம எலய போட்டு வச்சிருக்காங்க பாரு! இதான் மரியாத,” என்றாள் அத்தை.

“ஆளயே காணோமேக்கா,” என்றார் உன் அப்பா.

“பின்னால வேலையா இருப்பாங்க லா. நீ ஒக்காரு. நான் காலையில என்னத்த சாப்டேன், சொல்லு? ரெண்டு இட்லி.”

“அண்ணி, அவங்க வரட்டுமே,” என்றேன் நான். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

அத்தை உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததால் உன் அப்பாவும் உட்கார்ந்தார். இலை போட்டிருந்தால் அது நமக்குத்தான் என்று தயங்காமல் உட்காரும் ஜாதி உலகத்தில் நாம் ஒருவர்தான் இருப்போம் போலிருக்கிறது. அத்தை ஒரு மங்குஸ்தீனை அழுத்திப் பிளந்து இரண்டு சுளை வாயில் போட்டுக்கொண்டபோது பின்கட்டுக் கதவு திறந்தது. முன்னோர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அதுவரை கொல்லையில் காத்திருந்த குடும்பம் மொத்தமும் அந்தக் கதவு நிலையில் நின்று எங்களைப் பார்த்தது. தெய்வானையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வானையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் அப்பாதான் முதலில் வாய் திறந்தார். அவர்கள் பேசும் மலாயில், சிரித்துக்கொண்டே, “எங்க மூதாதையருங்க இந்த வருஷம் புடவ கட்டிட்டு வந்திருக்காங்க போல” என்றார். பிறகு, “மக்கான், மக்கான். சாப்பிடுங்க, பாதியில எழுந்திரிக்கக் கூடாது. எங்க தாத்தாவுக்கும் மங்குஸ்தீன்தான் பிடிக்கும்.”

“என்னவாம் இவருக்கு? எதுக்குச் சிரிக்கிறாரு?” என்று அத்தை என்னைக் கேட்டாள்.

“இது படையல், அண்ணி. அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு வச்சது.”

அத்தை துள்ளி எழுந்தாள். “செத்தவனுக்கு வச்ச சோத்துலயா என்னைய உக்கார வச்சீங்க!” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடி வாயைக் கொப்பளித்தாள். அவளை அங்கே உட்கார வைத்தது யார்? ஆடி அமாவாசைக்கு அவள் வீட்டில் என்ன செய்கிறாள்? மாமனாருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறாள். தன் வீட்டு வழக்கம் மலாய் பேசுகிறவர்கள் வீட்டில் எதிரே வந்து நின்றபோது அவளால் அதை அடையாளம் காண முடியவில்லை. அவமானப்பட்டவர்கள் அவர்கள், தம்பி. அவர்கள் முன்னோரின் இலையில் கை வைத்தவர்கள் நாம். அதைப் பொறுத்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்தார்.

என் பங்கையும் சொல்கிறேன். கதவு திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்கு ஏற்றியிருந்தது, சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. இருபது வருடம் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நான் உட்காரவில்லை என்பது உண்மை. ஆனால் நாத்தனார் முன்னால் வாயைத் திறந்து, ‘அண்ணி, இது நமக்கு வைத்த இலை இல்லை’ என்று சொல்லவும் இல்லை. அவள் முகம் கோணிவிடுமே என்று பயந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதது பொய் சொன்னதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இப்போது நீ என்னைத் தெய்வானையிடம் தூது போகச் சொல்லும்போது அதுதான் என்னைச் சுடுகிறது.

சரி, உன் அறிவியலுக்கு வருகிறேன். நான் சென்னையில் விலங்கியல் படித்தபோது எங்கள் பேராசிரியை கரும்பலகையில் ஒரு பரிசோதனையை வரைந்து காட்டினார். பல்லி போல வாலோடு நீரில் வாழும் நியூட் என்ற பிராணியின் கரு. வெறும் உருண்டை, அதில் தலையும் இல்லை, வயிறும் இல்லை. வெளிறிய நிறமுள்ள ஒரு கருவிலிருந்து, உதடு போன்ற ஓரிடத்துத் துணுக்கை எடுத்து, கருநிறமுள்ள இன்னொரு கருவின் வயிறாகப் போகும் பக்கத்தில் ஒட்டினார்கள். யார் யாருடைய உயிரணு என்று பின்னால் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இரண்டு நிறம். கொஞ்ச நாளில் அந்த வயிற்றுப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு முதுகுத்தண்டு, இரண்டாவதாக ஓர் உடல் வளர்ந்தது. அதைப் பெரும்பாலும் கட்டியவை வந்து சேர்ந்த வெளிறிய அணுக்கள் இல்லை. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய அங்கிருந்த கருநிற அணுக்கள்தாம் பக்கத்தில் வந்தவற்றின் பேச்சைக் கேட்டு நரம்பாயின. அந்தத் துணுக்கை வெந்நீரில் போட்டுக் கொன்ற பிறகு வைத்தால்கூடச் செய்தி போய்ச் சேர்கிறது என்று பின்னால் கண்டார்கள். ஏதோ ஒரு பொருள் அணுவிலிருந்து அணுவுக்குப் போகிறது, என்ன பொருள் என்று இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. ‘உள்ளேயே தீர்மானமாகிவிட்டது’ என்று நீ எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்!

உள்ளே எதுவுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அது உன் தவற்றின் மறுபக்கம். தவளைக் கருவின் வயிற்றுத் தோலை எடுத்து நியூட் கருவின் வாய் வர வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுற்றியிருந்த நியூட் அணுக்கள் ‘இங்கே வாய் வேண்டும்’ என்று சொல்லின. தவளைத் தோல் அதைக் கேட்டது, வாயையும் செய்தது. ஆனால் தவளைக்குத் தெரிந்த வாயைத்தான் செய்தது. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் மலாக்காவிலிருந்து கப்பலேறிப் போனவள். நான் பேசும் தமிழைக் கேட்டு, “இவ எந்த ஊர் தமிழு?” என்று விடுதியில் என்னைப் பேச வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். மலாயாக்காரி என்பதே அங்கே என் பெயர். இந்தத் தமிழச்சியின் வயிற்றில் பிறந்த நீ, அடுத்த வீட்டுக்காரர் தமிழரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். மலாய் பேசிக்கொண்டு, மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு, எத்தனையோ தலைமுறையாக மாரியம்மனுக்கு விளக்கேற்றும் மனிதர்கள் முன்னோரின் சொல்லைக் கேட்காதவர்களா? கேட்டார்கள், தங்களுக்குத் தெரிந்த வாயால் பதில் சொன்னார்கள்.

அப்புறம் ரத்தம். மருத்துவம் படிக்கிறவன் அந்தச் சொல்லை எழுதும்போது வெட்கப்பட்டிருக்க வேண்டும். உன் உடம்பில் ஓடும் சிவப்பணு ஒன்று சுமார் நான்கு மாதம் உயிரோடு இருக்கும், பிறகு அழிந்துபோகும். போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது உன்னிடம் இருந்த சிவப்பணுவில் ஒன்றுகூட இப்போது இல்லை. எலும்பு மஜ்ஜைக்குள் இன்னும் எதுவாகவும் ஆகாத தாய் அணுக்கள் இருந்துகொண்டு புதியவற்றைப் பெற்றுக்கொண்டே இருக்கின்றன. காயம் பட்டு ரத்தம் போனால் மஜ்ஜைக்கு ஏதோ தகவல் வருகிறது, சிவப்பணு கூடுகிறது. கிருமி நுழைந்தால் வேறு தகவல், வெள்ளையணு கூடுகிறது. இதெல்லாம் நீ போன விடுமுறையில் கொண்டுவந்த புத்தகத்திலேயே இருந்தது, நான்தான் மதிய வேளைகளில் எடுத்துப் படித்தேனே. உடம்பு முழுவதிலும் ரத்தத்தைப் போல மற்றவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு மாறிக்கொண்டிருப்பது வேறு எது? அதைப் போய் மாறாததற்குச் சாட்சியாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறாய்.

இதில் எனக்கு ஆறாத கோபம் எது என்று சொல்லட்டுமா? இந்தப் பாடம் உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் தெய்வானை எங்கள் பள்ளியில் புதிதாகப் பாடம் எடுக்கச் சேர்ந்தபோது, நம் வீட்டுக் கூடத்தில் நானும் அவளும் அடைமுட்டைகளின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, குஞ்சின் இதயம் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த நீ எட்டிப் பார்த்தாய். என் மாணவியாக இருந்தபோது அவள் என்னிடம் கேட்ட கேள்வியை அன்று உன்னிடம் கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். “எல்லாம் ஒரே அணுவிலிருந்து வந்ததுதானே? நீ கண், நீ கால் என்று அவற்றுக்கு யார் சொல்கிறார்கள்?” நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாய். “பக்கத்து அணுக்கள் சொல்கின்றன. தனியாக இருக்கும் அணு தான் யார் என்று அறியாது” என்றாய். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “டேய், அந்த முட்ட பொரிஞ்சி கோழியாயிடும் போல இருக்கு, அந்தப் பொண்ண விடுடா” என்றார். அவள் மனத்தைப் பிடிக்க வேண்டியிருந்தபோது ஓர் அறிவியல், அவளைக் கைவிட வேண்டியிருக்கும்போது வேறோர் அறிவியல். இதைப் படிப்பு என்று யார் சொல்வார்கள்?

இனி என் இரண்டாவது குற்றம். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, உனக்கு நினைவிருக்கிறதா என்றும் தெரியாது. ஐந்து வயதில் நீ நாள் முழுக்கக் கம்போங் செட்டிப் பிள்ளைகளோடு கோலி ஆடுவாய். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் அவர்கள் பேசும் பேச்சிலேயே என்னிடம் சோறு கேட்டாய். வாய் நிறையச் சிரிப்போடுதான் கேட்டாய். உன் அத்தை அன்றும் வந்திருந்தாள், “ஏம்மா, ஒம்மவன் செட்டிப் பய ஆயிட்டானே” என்றாள். நான் உன் வாயில் அடித்தேன். உதடு கிழிந்தது. மறுநாளிலிருந்து நீ அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பேச்சு என் மகன் வாயில் வந்தால் இழிவு என்ற செய்தியை, நீ இளகிய கருவாக இருந்த நேரத்தில், உனக்கு மிக அருகில் இருந்த நான்தான் சொன்னேன். பதினெட்டு வருடம் கழித்து அதே செய்தி அஞ்சல் தலை ஒட்டி எனக்கே திரும்பி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைக் கசக்கியதற்கு இதுவும் காரணம்.

ஆனால் இதை உனக்குச் சாக்காகத் தர மாட்டேன். நியூட் கருவுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் இடம் மாற்றினால் அணு புது இடத்தின் சொல்லைக் கேட்கும், கெடு தாண்டினால் கேட்காது. பக்கத்திலிருந்து வரும் செய்தி நல்லதா கெட்டதா என்று அணுவால் யோசிக்கவும் முடியாது. நீ அணு இல்லை. அத்தை ஒன்று சொல்வாள், விடுதியில் பத்துப் பேர் ஒன்று சொல்வார்கள், நான் ஒருநாள் அடித்துச் சொல்லியிருப்பேன். எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க உனக்கு இருபத்து மூன்று வயதும் ஒரு மூளையும் இருக்கின்றன. அதனால்தான் உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. தவளைமேல் யாராவது கோபப்படுவார்களா?

நேற்றுப் பள்ளி விட்டதும் நான் தெய்வானை வீட்டுக்குப் போனேன். உன் தூதாகப் போகவில்லை. அந்த இலைகளுக்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். தெய்வானையின் அப்பா, “அதுக்குப் போயி மன்னிப்பா? எங்க தாத்தா ரொம்ப வருஷமா தனியா சாப்டாரு, அன்னைக்குத்தான் தொண கெடச்சிது” என்றார். தெய்வானை சிரிக்கவில்லை. என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டவள், ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், உங்கள் மகனிடமிருந்து கடிதம் வந்ததா?”

“வந்தது.”

“என்ன எழுதியிருக்கிறார்?”

“அத அவன்தாம்மா வந்து சொல்லணும்,” என்றேன். என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்கு அவ்வளவு தமிழ் புரியும்.

அவள் மக்கு இல்லை, பாதி புரிந்திருக்கும். “ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாமில் இருக்கும் பள்ளிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், டீச்சர். உங்கள் மருமகளாக வந்தால் தினமும் உங்களோடு நடந்தே பள்ளிக்குப் போகலாம். இல்லையென்றால் தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இங்கே வேலை செய்ய முடியாது. திங்கட்கிழமை கொடுப்பதா கிழிப்பதா என்று அவர் வந்து சொல்லட்டும். வரவில்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்” என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே போன பிறகு நான் திரும்பிப் போய், அவள் அப்பாவிடமும் அம்மாவிடமும், எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் முழுச் சம்மதம், நாத்தனார் பேசியது எங்கள் பேச்சு இல்லை, பையனின் பதிலைப் பையன் தன் வாயால் சொல்வான் என்று. உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். “போ, நீயாவது சொல்லு” என்றார்.

உன் கடிதத்தை இதனுடன் வைத்து உனக்கே திருப்பி அனுப்புகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வா. மறுப்பதாக இருந்தால் அந்தக் கூடத்தில் அவள் எதிரே உட்கார்ந்து, அவள் பெற்றோருக்கும் விளங்கும்படி, ‘எனக்குத் துணிவில்லை’ என்று சொல். அறிவியலைச் சொல்லாதே. சம்மதம் என்றால் அதையும் நீயே சொல், நாங்கள் பின்னால் வருகிறோம். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை நம் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு நீ தனியாகத்தான் நடக்க வேண்டும். நான் கூட வர மாட்டேன்.

அம்மா